பட்டன் வைத்த டச் போன்

இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் ஆடி மாதம். திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு செல்போன் கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு விழுப்புரத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஆடித் தள்ளுபடி என்பதால் அன்றைக்குக் கடையில் நிற்க இடமில்லை.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா வந்தார். கிளியனூர் பக்கம் களை எடுக்கிற வேலையாம். "பட்டன் வச்ச டச் போன் எதுனா இருக்குதாம்மா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பட்டன்னா பட்டன், டச்சுன்னா டச்சு. ரெண்டும் ஒண்ணா வராதுக்கா."

"பொண்ணு திருப்பூர்ல கீது. வீடியோல பேத்தியக் காட்டும், அதுக்கோசரம் கேக்கறேன். ஆனா எங்க வீட்டுக்காரருக்குப் பட்டன் இருந்தாதாம்மா தோதுப்படும். அவருக்கு…"

நான் முடிக்க விடவில்லை. "டச்சு ரெண்டு நாள்ல பழகிடும்க்கா. இப்ப எல்லாரும் அதான் வச்சிக்கினு இருக்காங்க" என்றேன். அவருக்குப் பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். அரை மனதாகத் தலையாட்டிவிட்டு, இருப்பதிலேயே விலை குறைந்த டச் போனை வாங்கிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தார். கோபம் எதுவும் இல்லை. பெட்டியை மேசைமேல் வைத்து, "ஒண்ணத் தொட்டா நாலு அமுங்குதும்மா" என்றார். அன்றைக்குத்தான் நான் அவரை உட்கார வைத்துக் கேட்டேன்.

கணவர் கல் குவாரியில் வேலை செய்தவர். எட்டு மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போய்விட்டன. இடது கை இப்போதுதான் கொஞ்சம் அசைய ஆரம்பித்திருக்கிறது, அதிலும் ஓயாத நடுக்கம். அக்காவிடம் இருந்த பழைய போனில் பாதிப் பட்டன்கள் வேலை செய்யாது, வருகிற அழைப்பை எடுத்துப் பேசத்தான் ஆகும். அதனால்தான் அவருக்கென்று ஒரு போன் தேடியிருக்கிறார்.

போன வாரம் அக்கா வேலைக்குப் போயிருந்தபோது அவர் வாசலில் வழுக்கி விழுந்திருக்கிறார். புதுப் போனை எடுத்து அக்காவைக் கூப்பிடப் பார்த்திருக்கிறார். நடுங்கிய விரல் எங்கெங்கோ பட்டதே தவிர, கூப்பிட முடியவில்லை.

"மத்தியானம் நான் போயிப் பாக்கசொல்ல வெயில்ல கெடந்தாரும்மா. போனு கையிலதான் இருந்துச்சு."

'அவருக்கு' என்று ஆரம்பித்தாரே, இதைத்தானே சொல்ல வந்தார்?

"உன்னச் சொல்லிக் குத்தமில்லம்மா. எனக்கு வெவரமா கேட்டு வாங்கத் தெரில" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எங்கள் கடையில் அவர் கேட்ட மாதிரி இல்லை. வார விடுமுறையன்று விழுப்புரத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். நான் சிரித்த மாதிரியே அங்கேயும் இரண்டு கடையில் சிரித்தார்கள். நாலாவது கடையில் கிடைத்தது. பெரிய பட்டன்கள், தமிழில் எழுதலாம், சின்னத் திரைதான் என்றாலும் வீடியோ காலும் வரும். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல்தான் அவ்வளவு அடித்துப் பேசியிருக்கிறேன்.

அன்றைக்கே கிளியனூருக்கு பஸ் ஏறினேன். அக்காவின் கணவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் புன்னகை செய்தார். முதலில் டச் போனைக் கொடுத்து எழுதச் சொன்னேன். நடுக்கத்தில் ஒரே எழுத்து ஏழெட்டு முறை விழுந்தது. பிறகு பட்டன் போனைக் கொடுத்தேன். கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்தார். விரல் நடுங்கியது, ஆனால் எதுவும் விழவில்லை. நடுக்கம் கொஞ்சம் அடங்கும்வரை விரலை அங்கேயே வைத்திருந்து, பிறகு அழுத்தினார். ஓர் எழுத்து வந்தது. கண்ணாடித் திரையில் விரலை வைத்துக் காத்திருக்க முடியாது. பட்டனில் முடியும். இத்தனை போன் விற்றும் அந்த வித்தியாசம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் அக்காவுக்கு அழைப்பு போகிற மாதிரி செய்து கொடுத்தேன். அவர் மறுபடி எழுத ஆரம்பித்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பிறகு போனை மனைவி பக்கம் திருப்பினார். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கால்… இன்னும்… வலிக்குதா."

அக்கா அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதத்துக்கு முன்பு, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கு, ஆம்புலன்ஸிலிருந்து இறங்கும்போது அக்காவுக்குக் கால் பிசகியிருக்கிறது. இருந்த பேஜாரில் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்குக்கூடத் தெரியாது. படுத்திருந்த அவர் மட்டும் பார்த்திருக்கிறார்.

"இல்லய்யா, இப்ப தேவலாம்" என்றார் அக்கா. அவர் நம்பாமல் காலைக் கண்ணால் காட்டினார். அக்கா சிரித்துக்கொண்டே புடவைக் கொசுவத்தைச் சற்று உயர்த்தி, கணுக்காலைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

பட்டன் போனுக்கு ஈடாக டச் போனை என் உபயோகத்துக்கு வைத்துக்கொண்டேன். இப்போது கடைக்கு யார் வந்தாலும் யாருக்குப் போன் என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை. எட்டு மாதமாக அவர் மனைவியிடம் கேட்கக் காத்திருந்த ஒரு கேள்வியை, என் அவசரத்தால் இன்னும் சில நாள் காக்க வைத்துவிட்டேனே என்ற உறுத்தல் இன்றும் இருக்கிறது. அது என்னைவிட்டுப் போகாமல் இருப்பதே எனக்கு நல்லது என்று நினைக்கிறேன்.