எதிர்க்கடைக்காரனின் வட்டத் தடங்கள்

சீனாவின் கைஃபெங் நகரத்து மேற்கு வாசல் சந்தில் தூ ஹுவாய்மின் அக்குபங்சர் ஊசி வைத்தியர். வாய் கோணியவன், இடுப்பு பிடித்தவள், தூக்கம் தொலைத்தவன் எல்லோருக்கும் அவர்தான் கதி. குணமானவர்கள் தங்க எழுத்தில் நன்றி தைத்துக் கொடுத்த சிவப்பு வெல்வெட் துணிகள் அவர் கடைச் சுவரை மறைத்துத் தொங்கும். அப்பேர்ப்பட்ட மனிதர், ஒரு குளிர்காலக் காலையில் ஸ்வெட்டர் மாற்றிக்கொண்டிருந்த மனைவி யூச்சினின் தோளைப் பார்த்துவிட்டார்.

வட்ட வட்டமாகக் கன்றிப்போன தடங்கள். ஊசி குத்தியபின் குடுவை கவிழ்த்து உறிஞ்சிய அடையாளம். அவருடைய மூங்கில் குடுவை இவ்வளவு சின்ன வட்டம் போடாது. இது பம்பு வைத்த பிளாஸ்டிக் குடுவை. அந்தக் கண்றாவியைச் சந்தில் ஒருவன்தான் வைத்திருக்கிறான், எதிர்க்கடை ஃபாங்.

"அவங்கிட்டயா போன? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"தோள் வலி உயிர் போச்சு, போனேன். ஊரே உங்கிட்ட வருது. நான் ஒருத்தி வெளிய போனா குடிமுழுகிடுமா? மிளகு சூப்பு ஆறுது, குடிய்யா கிழவா."

சூப்பு இறங்கவில்லை. ஊசி சரியாகப் பிடித்தால் உள்ளே ஒரு கனமும் மரமரப்பும் பரவும். "வந்துச்சா?" என்று அவர் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு "வந்துருச்சு" என்பாள் யூச்சின். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கென்று இருந்த சொல் அது. அதை அந்த எண்ணெய்த் தலையன் ஃபாங்கிடமும் சொல்லியிருப்பாளே!

மத்தியானம் எதிர்ப்பக்கம் போய் ஃபாங்கின் கடைக்குள் நுழைந்தார்.

"என்ன தூ அண்ணே, வழி தவறி வந்துட்டீங்களா?"

"எனக்கும் தோள் வலி. எம் பொண்டாட்டிக்குக் குத்துன எடத்துலயே குத்து. உன் லட்சணத்தப் பாப்போம்."

நாலு பேர் முன்னால் அவன் மானத்தை வாங்கிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தார். ஃபாங் ஊசியை இறக்கினான். கனம் முழங்கை தாண்டி விரல் நுனிவரை ஓடியது.

"வந்துச்சா?"

பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பாழாய்ப்போன சுண்டுவிரல் துடித்துக் காட்டிக்கொடுத்தது.

"கொலகாரா, இவ்ளோ ஆழமாவா அவளுக்கும் குத்துன?"

"குத்துனாத்தானே வலி போகும்? உங்க ஊசி தோலத் தாண்டாதாமே! 'நான் லேசா மொகம் சுளிச்சாலே அவரு கை நின்னுடும்'னு அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."

கடையே சிரித்தது. ஊரான் அலறினாலும் விடாமல் இறக்குகிற தூவின் கை, யூச்சினிடம் மட்டும் பாதியில் நிற்கும். அவருக்கே அது தெரியும். அப்படியென்றால் இத்தனை வருஷமும் அவள் சொன்ன "வந்துருச்சு"?

சாயங்காலம் அவளை உட்காரவைத்து ஊசியை எடுத்தார். இன்றைக்கு ஆழமாகவே இறக்கிவிடுவது என்று வைராக்கியம். அவள் புருவம் சுருங்கியது. கை நின்றுவிட்டது.

"வந்துச்சா?"

"வந்துருச்சு."

"பொய் சொல்ற."

ஊசியை உருவிப் பஞ்சால் அழுத்தினார்.

"நாளைக்கும் அவங்கிட்டயே போ. வலி போகட்டும். ஆனா அங்க 'வந்துருச்சு'ன்னு சொல்லாத. அவன் கேட்டா தலைய மட்டும் ஆட்டு."