காற்று ஆகாதவர்கள்

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றின் ஆய்வகத்தில் நான் சேர்ந்த புதிதில், கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். தொட்டிச் சுவரில் காதை வைத்துக் குமிழிச் சத்தம் கேட்பது அவர் வழக்கம். அதனால் ஒரு காதில் எப்போதும் கறை இருக்கும். உள்ளே சாயத்தைத் தின்னும் பாக்டீரியாவை 'அவிங்க' என்றுதான் சொல்வார்.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழுவினோம். நாற்றம் போகட்டும் என்று நான் அந்தத் தொட்டியின் மூடியைத் திறந்து, பக்கத்துத் தொட்டியின் காற்றுக் குழாயையும் உள்ளே விட்டேன். அவர் ஓடிவந்து குழாயை இழுத்துப் போட்டார். திட்டவில்லை.

"ஏனுங்க, இவிங்களுக்குக் காத்து ஆகாதுங்க. ஒருத்தரு சாயத்தை ஒடைப்பாரு, மிச்சத்தை இன்னொருத்தரு திம்பாரு. அவரு திங்காட்டி இவரு வேலையை நிறுத்திப்போடுவாரு. இப்ப ரெண்டு பேருமே படுத்துக்கிட்டாங்க."

தண்ணீர் சிவப்பாகவே வெளியே வந்ததால் பட்டறையை நிறுத்தினார்கள். பாக்டீரியா தேறட்டும் என்று அவர் தினமும் சாணியைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினார். மூன்றாவது வாரம் என்னைக் கூப்பிட்டுச் சுவரில் காதை வைக்கச் சொன்னார். குமிழிச் சத்தம் கேட்டது.

"பெரிய மனசு பண்ணிட்டாங்க. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, "தப்புத்தானுங்க" என்றேன் சுவரிடம்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. நான் சத்தமாகத்தான் சொன்னேன்.