பச்சைக்கு இரண்டு வைத்தியர்கள்

அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிய எல்லாருக்கும் டெலிபோன் அக்காவின் குரல் தெரியும், முகம் தெரியாது. வாசலைத் தாண்டி, ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதிர்முனையில் ஒரு "ஹலோ" வந்தால் போதும், பிரசவ வார்டுக்கா, பில் கட்டும் இடத்துக்கா என்று கண்டுபிடித்துவிடுவாள். தலைமை டாக்டர் இன்றைக்கு எந்த மூடில் இருக்கிறார் என்று நர்ஸுகள் அவளிடம்தான் முதலில் விசாரிப்பார்கள். அப்படி ஒரு காது. அந்தக் காதை வைத்துக்கொண்டு வீட்டு கார் ஷெட்டில் அவள் பார்த்த உத்தியோகம் என்ன என்று நினைக்கிறீர்கள்? டார்ச் பிடிப்பது.

கார் அவளுடைய அப்பாவுடையது. இளம்பச்சை நிறம், உருண்டை முகப்பு விளக்கு, கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடுகிற மாதிரி ஒரு கனத்த சத்தம். வீட்டில் அதற்குப் 'பச்சை' என்று பெயர். அப்பா போன பிறகு பச்சை அண்ணனுக்கும் தங்கைக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது. அண்ணன் பேக்கரிக்காரர். அவர் வீட்டில் சைக்கிள் நிறுத்தவே இடம் கிடையாது, அதனால் வண்டி தங்கை வீட்டு ஷெட்டில் நின்றது. சாவி இரண்டு. ஒன்று அண்ணனிடம், இன்னொன்று தங்கையின் கணவரிடம். தங்கைக்கு? கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவள்தான். ஆனாலும், "உனக்கு எங்க போகணும்னு சொல்லும்மா, நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஒரே குரலில் பேசிய விஷயங்கள் மொத்தத்தில் குறைவு, அதில் இது ஒன்று.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். எறும்புக் கண் அளவு திருகை நுனிவிரலில் எடுத்துக் கால் சுற்று திருப்பி, மறுபடி அதில் பாதி பின்வாங்கி, "இப்ப பாருங்க" என்று சொல்கிற ஆள். கல்யாணத்துக்கு முன்னால் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, காபி ஆறிப் போனது தெரியாமல் ஷெட்டுக்குள்ளேயே நின்றவர். பச்சையின் உடைந்த கதவுப் பிடிக்கு ஜோடி தேடி ஊரில் இருக்கிற பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் அலைந்தார். கிடைத்த அன்று அதைத் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினார். இதில் என் மிகை ஒன்றும் இல்லை, அக்காவே சொன்னது.

அண்ணன் மட்டும் சளைத்தவரா? பச்சையின் சீட்டுகளுக்குத் தானே உறை தைத்தார். இரண்டு தடவை பிரித்து மூன்றாம் தடவை தைத்ததில் விரல் எல்லாம் ஊசிக் குத்து. ஊருக்கே பன்னும் ரொட்டியும் விற்கிற மனுஷன், பச்சைக்குள் யாராவது ஒரு பிஸ்கட்டைக் கடித்தால் வண்டியை ஓரம் கட்டிவிடுவார். வண்டிக்குள் ஒரு துகள் விழக் கூடாதாம்.

இப்படி இரண்டு பேர் ஒரே வண்டி மேல் உயிரை வைத்தால் என்ன ஆகும்? சண்டைதான் ஆகும். ஒரு தடவை பச்சை நடுத்தெருவில் நின்றுபோக, "உங்க கைதான் காரணம்" என்று அவர் இவரைச் சொல்ல, இவர் அவரைச் சொல்ல, பேச்சு முறிந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் மாதக்கணக்கில் முகம் பார்க்கவில்லை. "அவர்கிட்ட சொல்லிடு", "உன் அண்ணன்கிட்ட கேளு" என்று எல்லாம் அக்கா வழியாகத்தான் போய் வந்தது. ஆஸ்பத்திரியில் அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு, வீட்டில் இனாம். கடைசியில் அவளே இரண்டு பேரையும் ஷெட்டில் நிற்க வைத்து ஒரு சட்டம் போட்டாள்: இனிமேல் பானட்டைத் திறந்தால் இருவரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும், தனியாக யாரும் இன்ஜினைத் தொடக் கூடாது. இருவரும் தலையாட்டினார்கள், கை கொடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பச்சைக்கு வியாதி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூவரும் கிளம்புவார்கள். தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேட்டுச் சாலைதான் பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் பரீட்சைக் கூடம். மூச்சு வாங்காமல் மேலே ஏறினால் வண்டி தேறியது என்று அர்த்தம். பச்சை பாதி மேட்டில் திக்கும், உதறும், நின்றுவிடும். சட்டப்படி இருவரும் சேர்ந்து பானட்டைத் திறந்தார்கள், அக்கா டார்ச் பிடித்தாள். பிளக்கைக் கழற்றினால் ஒரு வாரம் கரி அப்பியிருக்கும், இன்னொரு வாரம் எலும்பு மாதிரி வெளுத்திருக்கும். பிளக்கை மாற்றினார்கள், காயிலை மாற்றினார்கள், பெட்ரோல் பம்பைப் பிரித்துப் பூட்டினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருவரும் கை வைக்கவில்லை: கார்புரேட்டரில் காற்றும் பெட்ரோலும் கலக்கிற அளவை வைக்கிற அந்தச் சின்னத் திருகு. "அது சரியாத்தான் இருக்கும்" என்பார் கணவர். "அதுல ஒண்ணும் இல்ல" என்பார் அண்ணன். அந்த ஒரு விஷயத்தில் என்ன ஒற்றுமை!

அக்காவின் காது சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் ஷெட்டில் வண்டியைக் கிளப்புவது அடுப்படிக்குக் கேட்கும். முதலில் சளி பிடித்த தொண்டை மாதிரி கரகரவென்று இருக்கும் சத்தம், கொஞ்ச நேரத்தில் மெலிந்துபோய்ப் பட்டினி கிடந்தவன் குரலாகிவிடும். "என்ன பண்ணீங்க?" என்று கேட்டால், தூசி தட்டினேன் என்பார். தூசி தட்டிய கையில் எதற்குப் பெட்ரோல் வாசனை? சரி, இவர்தான் சட்டத்தை மீறுகிறார் என்று பார்த்தால், மெலிந்த குரல் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுபடி எப்படிக் கரகரத்தது என்பது புரியவில்லை.

அவளிடம் ஒரு சிவப்பு நகப்பூச்சுப் புட்டி இருந்தது. கணவர் குளிக்கப் போன நேரம், அந்தத் திருகின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்துவிட்டாள். சனிக்கிழமை அவளுக்கு ஆஸ்பத்திரி, கணவருக்குக் கடை. டூட்டி முடிந்து வந்து பார்த்தாள். கோடு உடைந்து இடப்பக்கம் திரும்பியிருந்தது. ஷெட் பலகையில் பேக்கரி மாவு படிந்த ஒரு துணி. ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தாள், திருகு வலப்பக்கம் போயிருந்தது.

பானட்டைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெண்ணெயைத் தாராளமாகப் போட்டே பழகிய அண்ணன், வண்டி பட்டினி கிடக்கிறது என்று சனிக்கிழமை பெட்ரோலைக் கூட்டுகிறார். எதையும் அளந்தே பழகிய கணவர், நாற்றமடிக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை குறைக்கிறார். அந்த வாரம் யார் அதிகமாகத் திருப்பினாரோ, அதன்படி பெட்ரோல் கூடிப் பிளக் கறுக்கிறது, அல்லது குறைந்து வெளுக்கிறது. திருகைத் தான் சரியாக வைத்துவிட்டதாக இருவருமே நினைப்பதால் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள்.

சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. இதை எப்படிச் சொல்வது? சொன்னால் கை கொடுத்துச் செய்த சத்தியத்தை இருவருமே மீறியது வெளியே வரும். மறுபடி பேச்சு முறியும், மறுபடி இவள் நடுவில் நின்று இருபக்கமும் இணைப்பு கொடுக்க வேண்டும். போகட்டும், அவர்களே அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அவர்கள் அலுத்துத்தான் போனார்கள், ஆனால் அவள் நினைத்த மாதிரி இல்லை. அடுத்த வாரம் பச்சை மேட்டின் அடிவாரத்திலேயே படுத்துவிட, வழியில் போனவர்கள் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "வித்துடலாம்" என்றார். கணவர் எகிறிக் குதிப்பார் என்று அக்கா அவர் பக்கம் திரும்பினாள். அவரோ தரையைப் பார்த்துக்கொண்டு, மச்சான் சொன்னால் சரிதான் என்றார். கதவுப் பிடியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிய அதே மனுஷன்! அப்பா வண்டியை எப்படி விற்க மனசு வருகிறது என்று கேட்டதற்கு இருவருமே அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பழைய கார் சங்கத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். பச்சை மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாரமும் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு கேட்டவரைச் சமையலறைக்கு இணைத்துவிட்டாள், அது இதுவரை நடக்காத அதிசயம். வாயைத் திறந்தால் வண்டி மிஞ்சும், ஆனால் இவர்கள் இரண்டு பேரும் பிரிந்துவிடலாம். திறக்காவிட்டால் உறவு மிஞ்சும், பச்சை போய்விடும். ஷெட்டுக்குள் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதும் பார்த்தாள்.

டாக்டர் வெள்ளைச் சட்டையில் வந்தார். பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார். பச்சையைச் சுற்றிச் சுற்றி வந்து கதவுப் பிடியைத் தடவினார், சீட்டுத் தையலை மெச்சினார். மெச்ச மெச்ச அண்ணனின் முகம் கறுத்துக்கொண்டே போனது. கணவர் சாவியைப் போட்டுக் கிளப்பினார். பச்சை இருமியது, குலுங்கியது, அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி அணைந்தது.

"கார்புரேட்டர யாரு பாக்கறது?" என்றார் டாக்டர்.

"யாரும் தொடறதில்ல" என்றார்கள் இருவரும் ஒன்றாக.

அக்காவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"டாக்டர், இந்த வண்டிக்கு ஒரு வியாதியும் இல்ல. வைத்தியந்தான் ஜாஸ்தி. அண்ணா, நீ சனிக்கிழமை கூட்டற. இவரு ஞாயித்துக்கிழமை குறைக்கறாரு."

டாக்டர் குனிந்து குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். உடைந்துபோன சிவப்புக் கோடு திருகின் தலையில் தெரிந்தது. அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பிறகு இடிக்குக் காத்திருக்கிற மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

இடி விழவில்லை. கணவர்தான் முதலில் வாயைத் திறந்தார், குரல் எழும்பவே இல்லை.

"அப்ப... வண்டிய நான் கெடுக்கலையா, மச்சான்?"

"நீங்க எங்க மாப்ள கெடுத்தீங்க? நான்தான் அப்பா வண்டிய என் கையாலேயே கொன்னுட்டேன்னு நெனச்சு..."

அண்ணன் மாவு பிசைந்து காய்த்துப்போன கையால் முகத்தை மூடிக்கொண்டார். விஷயம் இவ்வளவுதான். வாரா வாரம் சரிசெய்தும் வண்டி நின்றுகொண்டே இருக்க, தன் கைதான் காரணம் என்று இருவரும் தனித்தனியாக உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறார்கள். தன்னால் செத்துக்கொண்டிருக்கிற வண்டியைப் பக்கத்திலிருந்து பார்க்கச் சகிக்காமல், நல்ல கைக்காவது போகட்டும் என்றுதான் விற்கச் சம்மதித்திருக்கிறார்கள். கணவர் மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் மூக்கை உறிஞ்சினார். அப்புறம் யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை, பல் டாக்டர் உட்பட எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கணவர் கையில் டார்ச்சைக் கொடுத்தாள், அண்ணனை ஸ்க்ரூடிரைவரோடு முன்னால் நிற்கச் சொன்னாள். அவள் சாவியைத் திருப்பி, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து உயிரைப் பிடித்துவைத்தாள்.

"வெளிப்பக்கமா திருப்புண்ணா. மெதுவா. இன்னும். நில்லு, கொஞ்சம் திரும்ப உள்ள. போதும்."

காலை எடுத்தாள். பச்சை அணையவில்லை. தூங்குகிற பூனை மாதிரி ஒரே சீராக முனகிக்கொண்டு நின்றது. அண்ணன் குனிந்த நிலையிலேயே இருந்தார். பானட்டுக்கு அடியிலிருந்து மெல்லக் கேட்டார்:

"அப்பா இந்தத் திருகத் திருப்பறப்ப உன்னத்தான கேப்பாரு? நீ இதே சீட்டுல உக்காந்துதான் போதும்னு சொல்லுவ, இல்ல?"

"ஆமாண்ணா. நீ அப்ப பந்து விளையாடப் போயிடுவ."

அண்ணன் நிமிர்ந்து தன் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அப்பாவின் கைப்பக்குவம் என்று நினைத்து அவர் தேடிக்கொண்டிருந்தது அப்பாவின் கையில் இருந்ததே இல்லை. அது பக்கத்திலேயே டார்ச் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அவர் தன் சாவிக்கொத்திலிருந்து பச்சையின் சாவியைக் கழற்றித் தங்கையின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மூடினார்.

மேட்டுச் சாலையில் அன்றைக்கு அவள்தான் ஓட்டினாள். பல் டாக்டர் முன் சீட்டில், வைத்தியர்கள் இருவரும் பின்னால். வளைவு வந்தபோது பின்சீட்டில் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டதாகவும் டாக்டர் பிற்பாடு சங்கத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பச்சை திக்கவில்லை, உதறவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றதும் டாக்டர் பெருமூச்சு விட்டார். வண்டியைக் கேட்கிற தைரியம் தனக்குப் போய்விட்டது என்று அவரே சொல்லிவிட்டார்.

அண்ணன் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். பச்சைக்குள்ளேயே எல்லாருக்கும் பன் கொடுத்தார். துகள் விழுந்தது, அவர் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பானட் திறக்கப்படுகிறது. திருகின் மேல் சிவப்புக் கோடு அழுத்தமாக இழுத்திருக்கிறது, நகப்பூச்சுப் புட்டியும் பச்சையின் சாவியும் அக்காவின் கைப்பையில் ஒன்றாகவே கிடக்கின்றன. அவள் குனிந்து வேலை பார்க்க, மச்சானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் நின்று டார்ச் பிடிக்கிறார்கள்.

"ஆட்டாம பிடிங்க" என்கிறாள் அக்கா.

இருவரும் ஆட்டாமல் பிடிக்கிறார்கள்.