சேலத்துப் பெண் நீட்டிய டம்ளர்

பள்ளிக்கூடத்தில் கொடுத்த பந்தாட்ட பூட்ஸைக் கழற்றி அதன் வாசலிலேயே வைத்துவிட்டு, ஏற்காட்டிலிருந்து எங்கள் ஊரான வெள்ளக்கடைக்கு வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். டீச்சர் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை. அப்போது எனக்குப் பதினான்கு வயது. பிறகு எத்தனையோ ஊர்களை விட்டு அப்படித்தான் நடந்திருக்கிறேன். முதல் நடை அது.

முந்தின நாள் சேலத்தில் பெண்கள் கால்பந்துப் போட்டி. நன்றாக ஆடுகிற இரண்டு பேரை அங்கேயே விடுதியில் சேர்த்துச் சாப்பாடு போட்டுப் படிக்க வைப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். என்னை மேலே படிக்க வைக்க எங்கள் வீட்டில் வேறு வழி கிடையாது.

துணைக்கு வந்த அத்தை பஸ் ஏறும் முன்பே எச்சரித்தாள்.

"தண்ணி கிண்ணி குடிச்சுத் தொலைக்காத கண்ணு. வழியில எங்க போயி ஒதுங்குவ? உனக்காக பஸ்ஸ நிறுத்துவானா?"

மலையில் எவ்வளவு ஓடினாலும் எனக்குத் தாகம் எடுத்ததில்லை. ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன். மற்றப் பிள்ளைகள் பன் தின்றுகொண்டிருந்ததால் அம்மா கட்டித் தந்த ராகிக் களியை எடுக்க வெட்கம். பசியில்லை என்றேன். அத்தை தின்று தீர்த்தாள்.

மாசி வெயில். இடைவேளையில் எதிரணிப் பெண் ஒருத்தி, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை ஒரு டம்ளரில் நீட்டினாள்.

"குடிங்க. நொம்பக் காஞ்சு போயிருக்கறீங்க."

"வயித்த ரொப்பி உன்ன ஓட உடாமப் பண்ணப் பாக்கறா" என்று அத்தை காதில் கிசுகிசுத்தாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. வேண்டாங்க என்றேன்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். பந்து என் காலடியில். கோல்கீப்பர் விழுந்து கிடந்தாள். உதைக்கக் காலைத் தூக்கினேன். கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. கண் இருட்டிக் கீழே விழுந்தேன்.

டம்ளர் நீட்டியவளுக்கு விடுதியில் இடம் கிடைத்தது.

"களி தின்னுட்டு வந்தா காலு எப்படீங்க டீச்சர் எந்திரிக்கும்?" என்றாள் எங்கள் அணிக்காரி ஒருத்தி. ஊர் திரும்பிய பஸ்ஸே சிரித்தது. அந்தக் களியைக்கூட நான் தின்றிருக்கவில்லை. என் உடம்புக்கே ஆட்டம் ஒத்துவராது என்று நம்பினேன். பல வருஷம் நம்பினேன். இன்றைக்கும் எங்காவது பெண் பிள்ளைகள் பந்து ஆடினால், ஏறவேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு நின்றுவிடுகிறேன்.

பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வந்த மறுநாள் காலை எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். காப்பிச் செடிகளின் கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை.

"கேக்கற வரைக்கும் நிக்காத சாமி, நீயே போயிக் குடு. தாகம்னு வாய் தொறக்கறதுக்குள்ள ஆளு சாஞ்சிரும்" என்றார் மேஸ்திரி.

அவர் சொன்னது கவாத்துக்காரர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, குடத்தை இடுப்பில் ஏற்றினேன்.