பிடுங்கிய வயர்

அந்த வண்டி சாவியைத் திருப்பினாலே ஸ்டார்ட் ஆகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் என் மைத்துனனை அதைத் தள்ள வைத்தேன். அவன் கால் போனது அதனால்தான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட. உங்களிடம் சொல்ல முடிவது, நீங்கள் என் எதிரில் இல்லை என்பதால்தான். ஆள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு எப்போதுமே வராது.

ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றவன் நான். கடைக்குப் போனால் கடைக்காரர் தானாக என்னைக் கவனிக்கும்வரை ஓரமாக நிற்பேன். மத்திகிரியில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். சின்ன பிக்கப் வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். தளி ஊர்ப்பக்கத் தோட்டங்களில் முட்டைக்கோஸும் கொத்தமல்லியும் ஏற்றி ஓசூர் மார்க்கெட்டில் இறக்குவது என் பிழைப்பு. வண்டி என்னைப் பேசச் சொல்லாது. அதனாலேயே எனக்கு அது பிடிக்கும்.

குமரேசன் என் மனைவி சாந்தாவின் தம்பி. ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தான். அது முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னோடு வண்டியில் மூட்டை தூக்கினான். அவன் வாய் சும்மா இருக்காது. தமிழில் கிண்டல் செய்வான், கன்னடத்தில் பேரம் பேசுவான், தெலுங்கில் சமாதானம் சொல்வான். வருடக்கணக்காக நான் போய்வந்த தோட்டங்களில், வந்த சில நாட்களிலேயே அவன் பெயர் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. என் பெயர் அங்கே இன்றும் 'பிக்கப்காரர்'தான்.

ஒருநாள் காலை குழாயடியில் லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டு ராணியம்மா என்னிடம் ஏதோ கேட்டார். பதில் என் தொண்டையை விட்டு வெளியே வருவதற்குள் குமரேசன் முந்திக்கொண்டான்.

"அக்கா, மாமாவுக்கு ஸ்டார்டர் போயிருச்சு. சாவியில புடிக்காது. பின்னாடி நாலு பேரு தள்ளணும். அப்பறமா ஊர்ர்ரும்... ஊர்ர்ரும்னு ஒரே ஒரு வார்த்த வரும்!"

எல்லாரும் சிரித்தார்கள். சாந்தாவும் சிரித்தாள்... இடுப்பில் இருந்த குடம் தளும்பத் தளும்பச் சிரித்தாள்.

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் பிறகு லைன் வீட்டுப் பொடிசுகள்கூட என்னைக் கண்டால் 'ஊர்ர்ரும்' என்றன. நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். குனிந்த தலைக்குள் என்ன வளர்ந்தது என்று யாருக்குத் தெரியும்?

கொஞ்ச நாளில் வண்டியின் ஸ்டார்டர் நிஜமாகவே போனது! சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"மாமாவப் பாத்து வண்டியும் கத்துக்கிச்சு!" என்று சொல்லிக்கொண்டே குமரேசன் இறங்கிப் பின்னால் போனான்.

தள்ளினான். நான் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். குனிந்த தலை. புடைத்த கழுத்து நரம்பு. வழுக்கும் செருப்பு. குழாயடியில் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்குப் பேச மூச்சு இல்லை. அந்த வாய் மூடியிருந்தது... அது எவ்வளவு இனித்தது என்பதை உங்களிடம் எப்படிச் சொல்வேன்!

அந்த ஞாயிற்றுக்கிழமை, சரிபார்த்து விற்கும் பழைய ஸ்டார்டர் மோட்டார் ஒன்றை வாங்கி வந்து, வீட்டு வாசலிலேயே மாற்ற உட்கார்ந்தேன். சாந்தா சந்தைக்குப் போயிருந்தாள். பாட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்தேன். மோட்டாரில் இருந்த தடித்த கேபிளைக் கழற்றினேன். அதன் பக்கத்தில் ஒரு மெல்லிய வயர் இருக்கும். சாவியைத் திருப்பியதும் மோட்டாருக்கு உத்தரவு கொண்டுபோவது அதுதான். அதையும் பிடுங்கினேன். கீழ் போல்ட் சுலபமாக வந்தது. மேல் போல்ட் கைக்கு எட்டும், கண்ணுக்குத் தெரியாது. தடவித் தடவித்தான் கழற்ற வேண்டும். கழன்றதும் மோட்டார் என் நெஞ்சின் மேல் விழுந்தது.

ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததெல்லாம் குமரேசன்தான். குனிந்து என்னைப் பார்த்து, "என்ன மாமா, கைக்கொழந்தைய நெஞ்சுல போட்டுத் தூங்க வெக்கிறீங்களா?" என்றான். பிறகு எனக்கு டீ வாங்கி வர, தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் வருவதற்குள் வாங்கி வந்த மோட்டாரைப் பொருத்தி முடித்தேன். பாட்டரி வயரை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்தது! ஒரு உறுமல்... அணைத்துவிட்டேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நம்புங்கள்.

அப்போது தெருமுனையில் அவன் வருவதைப் பார்த்தேன். ராணியம்மாவிடம் நின்று ஏதோ சொன்னான். இருவரும் என் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

என்ன சொன்னான்? இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைப் பற்றியே இல்லாமலும் இருந்திருக்கலாம்...

எங்கள் வண்டியில் இஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கும். நான் சீட்டைத் தூக்கினேன். கையை உள்ளே விட்டு அந்த மெல்லிய வயரைப் பிடுங்கிவிட்டேன்.

"ஆச்சா மாமா?"

"ஆவல. மோட்டாரே சரியில்ல. வித்தவன் ஏமாத்திட்டான்."

"அய்யய்யோ! அப்ப நாளைக்கும் நான்தானா?" என்று சிரித்தபடி டீயை ஊற்றினான். அந்த டீயை நான் குடித்தேன்.

அதன்பிறகு எனக்குப் பேச்சு வந்தது. ஆமாம், எனக்கு! இறங்கு. தள்ளு. இன்னும் வேகமா. என்ன, சோறு திங்கல? இவ்வளவு சத்தமாக ஒரு மனிதனிடம் பேச முடியும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

எங்கே கூட்டம் இருக்கிறதோ, அங்கே பார்த்து இஞ்சினை அணைத்தேன். மார்க்கெட் வாசலில். டவுன் பஸ் நிற்கும் இடத்தில். ஒருநாள் மாலை, அவன் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் கேட்டுக்கு எதிரே அணைத்தேன். டயரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சாக்கு. ஷிப்ட் முடிந்து நீலச் சட்டைகள் வெளியே வந்துகொண்டிருந்தன.

"தள்ளு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு இறங்கினான்.

"டேய், நம்ம குமரேசன்டா! இன்னாடா, புது வேலையா? எத்தினி குதிர சக்திடா நீ?" என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

வீடு வந்து சேர்ந்தோம். வண்டியை விட்டு இறங்கும்போது, "மாமா... அந்த எடத்துல மட்டும் ஆஃப் பண்ணாதீங்க மாமா" என்றான்.

மறுநாளும் அங்கேயேதான் அணைத்தேன்.

அவன் கிண்டல் செய்வது குறைந்தது. பிறகு நின்றே போனது. "தம்பி தூக்கத்துல முதுகு முதுகுன்னு மொனகறான். அந்த மோட்டாரத்தான் மாத்தித் தொலைங்களேன்" என்றாள் சாந்தா. பார்க்கலாம் என்றேன். பார்த்திருக்கலாம். ஒரு வயர்... அதைச் செருகுவதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம்! ஒவ்வொரு நாளும் நாளைக்குச் செருகலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு காலையும் அவன் குனிந்த தலையைக் கண்ணாடியில் பார்த்ததும், இன்னும் ஒரே ஒரு நாள் என்று தோன்றும்.

அன்று தளியில் மழை தூறிக்கொண்டிருந்தது. கோஸ் ஏற்றப் போயிருந்தோம். வண்டியின் முகம் வேலியைப் பார்த்து நின்றது. நம் பக்கத்து வேலிதான்; கருங்கல்லை உடைத்து நட்ட கல்லுக்கால்கள். வண்டியைப் பின்னால் எடுத்தால்தான் லோடு ஏற்ற முடியும். அதனால் அவன் வேலிக்கும் வண்டிக்கும் நடுவே போய், முன்பக்கத்தில் கை வைத்துப் பின்னால் தள்ளினான்.

எப்போதும் அவன் என் முதுகுக்குப் பின்னால் நின்று தள்ளுவான். அன்று முன்கண்ணாடி வழியே எனக்கு நேர் எதிரே அவன் முகம். மழை வழிந்த முகம்.

வண்டி மெதுவாகப் பின்னால் இருந்த மேட்டில் ஏறியது. ரிவர்ஸ் கியரில் கிளட்சை விட்டேன். ஒரு உதறல். இஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி கிளட்சை மிதித்தேன். சேற்றில் அவன் கால் வழுக்கியது. வண்டி முன்னால் உருண்டது. நான் பிரேக்கை மிதிப்பதற்குள் அவன் வலது கால் பம்பருக்கும் கல்லுக்காலுக்கும் நடுவே சிக்கிவிட்டது. முன்சக்கரம் சேற்றுப் பள்ளத்தில் இறங்கி நின்றது.

அதுவரை நடந்ததை விபத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது அடுத்தது.

"மாமா! பின்னாடி எடுங்க மாமா! மாமா!"

வண்டி ஓட்டும் எவனுக்கும் தெரியும். இஞ்சின் பிடிக்காவிட்டாலும், ரிவர்ஸ் கியரில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்டரே வண்டியைக் கொஞ்சம் பின்னால் இழுக்கும். அந்தக் கொஞ்சம் போதும். நான் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில்தான் அந்த வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் முன்கண்ணாடி வழியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சீட்டைத் தூக்கினால் பார்ப்பான். கையை உள்ளே விட்டதும் வண்டி உயிர் பெற்றால் அவனுக்குப் புரிந்துவிடும். கம்பெனி கேட், மார்க்கெட், எல்லாமே புரிந்துவிடும்...

நான் கதவைத் திறந்து இறங்கி ஓடினேன். தோட்டத்தின் மறுகோடியில் கோஸ் அறுப்பவர்களை நோக்கி ஓடினேன். சேற்றில் விழுந்து எழுந்து ஓடினேன். பின்னால் அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏனாய்த்து? ஏனாய்த்து?" என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டபடி அவர்கள் ஓடி வந்தார்கள். தள்ளினார்கள், சேற்றில் வழுக்கியது. கடப்பாரை எடுக்க ஒருவர் திரும்பி ஓடினார். நானும் அவர்களோடு தோள் கொடுத்துத் தள்ளினேன். தள்ளினேன்! வண்டியை ஒரு விரலால் நகர்த்தக்கூடியவன், பத்தோடு பதினொன்றாக நின்று தள்ளினேன். கடப்பாரை வருவதற்குள் குமரேசன் கத்துவதை நிறுத்தியிருந்தான்.

ஏதோ வயர் லூசாக இருந்தது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அது எனக்கு மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தோன்றியது. எனக்குப் பொய்கூடச் சீக்கிரம் வராது.

"நசுங்கினபடியே இவ்ளோ நேரம் விட்டிருக்கக் கூடாது. உடனே எடுத்திருந்தா காலக் காப்பாத்திருக்கலாம்" என்றார் டாக்டர். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மாலையே தோட்டத்துக்குப் போய், தனியாக நின்று, சீட்டைத் தூக்கி வயரைச் செருகினேன். சாவியைத் திருப்பியதும் பிடித்தது. வீட்டில் வேறு மோட்டார் போட்டதாகச் சொன்னேன்.

குமரேசன் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறான். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "மாமா மட்டும் அன்னைக்கு ஓடிப்போயி ஆளக் கூட்டியாரலன்னா நான் உசுரோடவே இருக்க மாட்டேன்" என்கிறான். அதைக் கேட்டுக் கேட்டு, சாந்தா இப்போதெல்லாம் எனக்குத்தான் முதல் சோறு வைக்கிறாள்.

தினமும் காலையில் நான் வண்டி எடுக்கும்போது கட்டையை ஊன்றி வாசலுக்கு வந்து நிற்பான். "ஒரே சாவியில புடிச்சிருச்சு மாமா!" என்பான். அவன் சந்தோஷப்படுகிறான்... நிஜமாகவே சந்தோஷப்படுகிறான்!

போன வாரம் குழாயடியில் ராணியம்மா அவனிடம், நடக்கப் பழகிவிட்டாயா தம்பி என்று கேட்டார்.

"எங்கக்கா நடக்கிறது... இப்ப எனக்குத்தான் ஸ்டார்டர் போயிருச்சு. நாலு பேரு தள்ளணும்" என்றான்.

ராணியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சாந்தா உள்ளே போய்விட்டாள். யாரும் சிரிக்காததைப் பார்த்து அவன் முகம் சுருங்கியது. பிறகு என் பக்கம் திரும்பினான். எதற்கோ காத்திருப்பதுபோல் என்னைப் பார்த்தான்.

நான் சிரித்தேன்.