நான் போட்ட சாட்சிக் கையெழுத்து

கார்வேட்டிநகரம் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே மிஷன் எலிமெண்டரி ஸ்கூலுக்கு எஸ்தர் டீச்சர் ஹெட்மிஸ்ட்ரஸ், நான் அசிஸ்டெண்ட். எனக்கு அது முதல் வேலை. ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லைக் கிராமங்கள் எந்தப் பக்கம் சேரும் என்று எங்கும் பேச்சாக இருந்த காலம்.

ஒருநாள் மத்தியானம் ஊர் நிலக்கணக்கு எழுதும் கர்ணம் ஒரு மனுவோடு வந்தார். ஊர் மொத்தமும் ஒரே பக்கம் சேரக் கேட்பதாக எழுதி, கீழே வரிசையாகப் பெருவிரல் ரேகை. செத்துப்போனவர்கள் பெயரும் அதில் இருந்தது. படித்தவர்கள் இரண்டு பேர் சாட்சி போட வேண்டுமாம்.

"நான் கண்ணால பாக்கல. சாட்சி போட்டா கர்த்தருக்கு முன்னால பொய்யி ஆயிடுங்க," என்றார் டீச்சர்.

கர்ணம் சத்தம் போடவில்லை. "அப்போ உங்க கர்த்தரயே பசங்கள இட்டுகினு வரச் சொல்லுங்க," என்று எழுந்து போனார்.

மறுநாள் ஒரு பிள்ளைகூட வரவில்லை. இப்படியே போனால் சர்க்கார் தரும் கிராண்ட் நின்று, ஸ்கூலையே மூடிவிடுவார்கள். டீச்சர் காலையில் ஜெபம் செய்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். ஒரு வீட்டில் ஒரு பெண் அவர்மேல் சாணித் தண்ணீரை ஊற்றினாள். புடவையை அலசிக் கட்டிக்கொண்டு மறுநாளும் அதே வீட்டுக்குப் போனார்.

நாலாம் நாள், வேலை போய்விடும் என்ற பயத்தில், நான் டீச்சருக்குத் தெரியாமல் கர்ணம் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு சாட்சியைக் கர்ணம் வெளியூரில் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் வந்தார்கள். தன் ஜெபம் கேட்கப்பட்டது என்று டீச்சர் ஸ்தோத்திரம் சொன்னபோது, நானும் தலைகுனிந்து ஆமென் சொன்னேன்.

சில மாதம் கழித்து மனுவை விசாரிக்க ஒரு ஆபீசர் வந்து, ஊரைக் கூட்டிப் பெயர்களை வாசித்தார். ஒரு பெண் எழுந்து, தன் புருஷன் செத்து மூன்று வருஷம் ஆகிறது என்றாள். ஆபீசர் என் கையெழுத்தைக் காட்டிக் கேட்டார்.

"ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லித்தான் போட்டேன் சார்," என்றேன்.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, கர்ணம் எதிரிலேயே, "நான் சொல்லல சார். என்னையும் கேட்டாங்க. மாட்டேன்னுட்டேன்," என்றார். சாணித் தண்ணீர் ஊற்றிய பெண்ணே எழுந்து, அது நிஜம், அதற்காகத்தான் பிள்ளைகளை அனுப்பாதே என்று கர்ணம் சொன்னார் என்றாள். மனு தள்ளுபடியானது. எனக்கு மெமோ வந்தது.

அன்று சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் போனேன். உங்களைப்போல எனக்குத் தைரியம் இல்லை என்றேன்.

"எனக்கு மட்டும் எங்க இருந்துச்சு, தம்பி? ஒவ்வொரு கதவாண்டயும் பயந்துகினுதான் நின்னேன். கர்த்தர் கூட நிக்கறார்னு நம்பித் தட்டினேன்."

என்னை மன்னித்தார். மறுநாள் வழக்கம்போல் ரிஜிஸ்டரை என்னிடமே கொடுத்தார். அதை வாங்கும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பயம் போன பிறகு நேர்மையாக நடக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் அப்படிக் காத்திருந்துதான் ஒரு நல்ல மனுஷிமேல் பழி போட்டேன்.