தேதியக்காவும் சனிக்கிழமைப் புயலும்

சாப்பாட்டு டப்பாவை ஜன்னல் விளிம்பில் வைத்து, நின்றபடியே ஒரு வாய் சாப்பிடுவார். சுவரில் ஒட்டிய அட்டவணை வரை போய் ஒரு தேதியை முறைப்பார். திரும்பி வந்து இன்னொரு வாய். பெண்கள் கால்பந்து லீக்கின் அலுவலகத்தில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தேதியக்கா உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு.

எந்த அணி எந்த மைதானத்தில் என்றைக்கு ஆட வேண்டும் என்று எழுதுவதுதான் அவர் வேலை. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. வீராங்கனைகளுக்கும் பஸ் ஓட்டுநர்களுக்கும் அவர் தேதியக்காதான். வீட்டுக்காரருக்கும் அது தொற்றிக்கொண்டுவிட்டது. "தேதியக்கா, நம்ம கல்யாண நாளாவது ஞாபகம் இருக்கா?" என்று அவர் சீண்டினால், "அன்னைக்கு நல்ல மழை. தள்ளிப்போட்டிருக்கணும்" என்பார்.

இந்த வருஷம் புயல்கள் வரிசைகட்டி வந்தன. ஆறு வாரத்தில் மூன்று. அழித்தழித்து அட்டவணைத் தாள் நைந்து, அரையிறுதிக் கட்டத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. பின்பக்கம் ஒரு துண்டுத்தாளை ஒட்டி அதன்மேல் எழுதினார். வானிலை அறிக்கையை மூன்று இடத்தில் படிப்பார். ஒன்றையும் முழுசாக நம்பமாட்டார். ஒவ்வொரு சாலையிலும் அவருக்கு ஆள் உண்டு. படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர், பெட்ரோல் பங்க்காரர், எப்போதோ ஒரு போட்டி நடத்திய பள்ளிக்கூடத்தின் காவலாளி. "அங்க காத்து எப்படிண்ணே? மரம் ஆடுதா, சாயுதா?" என்று விசாரித்த பிறகுதான் பென்சிலைத் தொடுவார்.

அப்படிப்பட்டவர் அந்தச் சனிக்கிழமை யாரையும் விசாரிக்கவில்லை. அறிக்கைகளை மட்டும் பார்த்துவிட்டு, காலை ஏழு மணிக்கு வெளியூர் அணியின் பயிற்சியாளரிடம், "கிளம்புங்க, மத்தியானத்துக்கு மேலதான் காத்து" என்று சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன அரையிறுதி. மூன்றாவது முறை அழிப்பானை எடுக்க மனம் வரவில்லை. எட்டு மணிக்குக் கடலோரச் சாலையில் பஸ் கிளம்பியது. ஒன்பதரைக்குப் புயல் திசை மாறியது.

ஓட்டுநரின் போன் கிடைக்கவில்லை. பயிற்சியாளரின் போனும் கிடைக்கவில்லை. அடுத்த கட்டடத்தின் தகரக் கூரை தடதடக்கத் தொடங்கியது. அக்கா கதவுக்கும் மேஜைக்குமாக நடந்தார். நடந்துகொண்டே மறுபடி மறுபடி அழைத்தார். இடையில் மைதானத்திலிருந்து லீக் தலைவர் பேசினார்.

"கூட்டம் வந்திருக்குக்கா. ரெண்டு மணி நேரம் பொறுத்துப் பார்ப்போமே?"

"ஆட்டம் கிடையாது சார். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புங்க. எனக்கு இப்ப பஸ் எங்க இருக்குன்னு தெரியணும்."

கைபேசியை வைப்பதற்குள், பஸ்ஸில் போன கோல்கீப்பரின் அம்மா அழைத்துவிட்டார். "பொண்ணுக்குப் போன் போகல. நீங்கதானே கிளம்பச் சொன்னீங்க?"

மூன்று அறிக்கைகளும் மதியம் என்றுதான் சொல்லியிருந்தன. அதில் ஒன்றைக்கூட அக்கா துணைக்கு இழுக்கவில்லை.

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன். வைக்காதீங்க, லைன்லயே இருங்க."

கைபேசியை இடது கையில் பிடித்தபடி, மேஜைத் தொலைபேசியில் பெட்ரோல் பங்க்கை அழைத்தார். பஸ் தாண்டிப்போய் அரைமணி நேரம் ஆகிறது என்றார்கள். அதற்கடுத்தது பள்ளிக்கூடம். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தவர் காவலாளி.

"இங்கதாம்மா இருக்காங்க. முன்னாடி மரம் விழுந்து ரோட்டை அடைச்சிருச்சு. டிரைவர் வண்டியைத் திருப்பி நம்ம பள்ளிக்கூடத்துக்குள்ள விட்டுட்டார். டவர் இல்ல, அதான் போன் போகல. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. ஏழாம் வகுப்புல பெஞ்சையெல்லாம் ஒதுக்கிட்டுப் பந்து உதைக்கிறாங்க."

அக்கா இடுப்பை மேஜையில் முட்டுக்கொடுத்து நின்றார். "கோல்கீப்பர் பொண்ணைக் கூப்பிடுங்கண்ணே. ஓடி வரச் சொல்லுங்க."

மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது. "அக்கா! அப்போ ஆட்டம் என்னைக்கு?"

அக்கா கைபேசியைத் தலைகீழாகத் திருப்பி, அம்மாவின் குரல் மகளின் காதுக்கும் மகளின் குரல் அம்மாவின் காதுக்கும் போகும்படி தொலைபேசியின் ரிசீவரோடு ஒட்டவைத்தார். இரண்டையும் இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர்கள் பேசுவது தனக்குக் கேட்டுவிடாதபடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.